கந்தப்பளையில் கோச்சி நின்ற காலம்

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். தம் பூட்டி இந்தியாவிலிருந்து வந்தபோது கந்தப்பளை ஸ்டேஷனில்தான் கோச்சியை, அதாவது ரயிலை, விட்டு இறங்கினார் என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படுகிறதாம். கந்தப்பளையில் பஸ் நிலையம் உண்டு, பொலிஸ் நிலையம் உண்டு, ரயில் பாதை மட்டும் எங்கும் இல்லை. நுவரெலியாவுக்கே ரயில் இல்லாதபோது அதற்கும் அப்பால் உள்ள கந்தப்பளைக்கு எப்படி ரயில் வந்திருக்கும்? பூட்டி நானுஓயாவில் இறங்கியதைத்தான் பிற்காலத்தவர் கந்தப்பளை என்று மாற்றிச் சொல்லிவிட்டார்களா?

இல்லை. பூட்டி சொன்னது சரியாக இருப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு. நானுஓயாவில் தொடங்கி, பிளக்பூல், நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் ஆகிய இடங்களைத் தொட்டு இராகலையில் முடிந்த 19 மைல் நீளமான ரயில் பாதையொன்று இருந்தது. 1903ஆம் ஆண்டு அது நுவரெலியா வரையும், 1904ஆம் ஆண்டு இராகலை வரையும் திறக்கப்பட்டது. 1940களில் அது மூடப்பட்டு, தண்டவாளங்களும் கழற்றப்பட்டன. ஆகவே முப்பத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கந்தப்பளையில் ரயில் நின்று புறப்பட்டிருக்கிறது.

அரசாங்கப் பதிவுகளில் அதன் பெயர் உடபுசல்லாவை ரயில் பாதை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பாதை உடபுசல்லாவை நகரத்தை ஒருநாளும் எட்டியதில்லை, இராகலையோடு நின்றுவிட்டது. பெயர் ஊரைக் குறித்ததன்று, தேயிலைப் பிரதேசத்தைக் குறித்தது. இலங்கைத் தேயிலையை விளையும் இடத்தைக் கொண்டு பிரித்துப் பேசுகிறவர்கள் இன்றும் நுவரெலியாத் தேயிலை, திம்புள்ளைத் தேயிலை என்பவற்றோடு உடபுசல்லாவைத் தேயிலையையும் தனி வகையாகச் சொல்வதுண்டு. பாதைக்குப் பெயர் வைத்தவர்களின் மனத்தில் இருந்தது பயணி அல்லர், சரக்கு என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. பாதை ஏன் வந்தது, ஏன் போனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கொழும்பிலிருந்து மலையேறிப் பதுளைக்குப் போகும் பெருவழிப் பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கந்தப்பளைக்கு ஒரு தனிச் சிறிய பாதை தேவைப்பட்டதற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அது கோப்பிக்காக வந்த ரயில். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார் என்பது தற்செயல். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் காணப்பட்டது. பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தபோது, மலையில் கோப்பி ஏறத்தாழ அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டுகள் நானுஓயாவே கடைசி நிலையமாக இருந்தது. 1893இல் பாதை அம்பேவளை, பட்டிப்பொல வழியாக ஹப்புத்தளைக்கும், அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கும் நீண்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆயிற்று.

நானுஓயாவுக்குப் பிறகு அந்தப் பாதை தெற்காகவும் கிழக்காகவும் ஊவாவை நோக்கித் திரும்பிவிடுகிறது. நுவரெலியா அதற்கு வடக்கே, மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள், நானுஓயாவைவிட ஏறத்தாழ 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஆளுநரும் அதிகாரிகளும் வெயில் காலத்தைக் கழிக்கும் ஊராக இருந்தும் பெருவழிப் பாதை அதைத் தொடாமல் போனதற்கு இந்த உயரந்தான் காரணம். பெருவழிப் பாதையில் பொறியியலாளர்கள் ஏற்றுக்கொண்ட அதிகபட்ச ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி. ஆறேழு மைலுக்குள் 900 அடி ஏற வேண்டுமென்றால் சராசரி ஏற்றமே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அகலப் பாதை ரயிலை அங்கே கொண்டுபோக மலையைச் சுற்றிச் சுற்றிச் சுரங்கம் வெட்ட வேண்டியிருந்திருக்கும்.

இதனால் நுவரெலியாவுக்கும் அதற்கு அப்பால் கந்தப்பளை, இராகலை, உடபுசல்லாவைத் தோட்டங்களுக்கும் கரத்தை ஒன்றே கதி. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடைத்த தேயிலைப் பெட்டி மாட்டுக் கரத்தையில் ஏறிக் கந்தப்பளைக் கணவாயைக் கடந்து, நுவரெலியாவுக்கு இறங்கி, பிறகு நானுஓயாவுக்கு மேலும் இறங்க வேண்டும். பெட்டி ஒன்று ஏறத்தாழ 100 இறாத்தல் கனம். எதிர்த் திசையில் அரிசி வர வேண்டும். தோட்டங்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோர் உண்ட அரிசியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியது. மழைக்காலத்தில் கரத்தை தடைப்பட்டால் கொழும்பில் தேயிலை தாமதித்தது. தோட்டத்தில் அரிசிக் காம்பரா காலியாயிற்று. தங்கள் பகுதிக்கும் ரயில் வேண்டும் என்று உடபுசல்லாவைத் துரைமார் அரசாங்கத்தை நெருக்கிய காரணத்தை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

வெஸ்ட் ரிஜ்வே ஆளுநராக இருந்த காலத்தில், அதாவது 1896க்கும் 1903க்கும் இடையில், இலங்கையில் ரயில் பாதை போடுவது வேகம் பிடித்தது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வடக்குப் பாதையும், கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் செல்லும் களனிவெளிப் பாதையும், நாம் பேசும் உடபுசல்லாவைப் பாதையும் அந்தக் காலத்தில் முடிவெடுத்துத் தொடங்கப்பட்டவை. இவற்றுள் பின்னைய இரண்டும் குறுகிய பாதைகள். பெருவழிப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 5 அடி 6 அங்குல இடைவெளி. களனிவெளியிலும் உடபுசல்லாவையிலும் அது 2 அடி 6 அங்குலம், அரைவாசிக்கும் குறைவு.

குறுகிய பாதை என்றதும் அது ஒரு விளையாட்டு ரயில் என்று நினைத்துவிடக் கூடாது. தண்டவாளங்கள் நெருங்கி இருந்தால் வளைவை இறுக்கமாக வளைக்கலாம். வளைவை இறுக்கமாக வளைக்க முடிந்தால் மலையின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு போகலாம். அப்படிப் போக முடிந்தால் சுரங்கமும் பெரிய பாலமும் அவசியமில்லை. வெட்டும் மண் குறைவு, கட்டும் கல் குறைவு, செலவும் குறைவு. ஏற்றத்தையும் பெருவழிப் பாதையைவிடச் செங்குத்தாக வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் இழுக்க வேண்டிய பெட்டிகள் சிறியவை. மலைநாட்டின் நிலத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. குறுகிய பாதையின் பெட்டி அகலப் பாதையில் ஓடாது. இராகலையிலோ கந்தப்பளையிலோ ஏற்றிய ஒவ்வொரு தேயிலைப் பெட்டியையும் நானுஓயாவில் இறக்கி, மறுபடி பெரிய ரயிலில் ஏற்ற வேண்டும். கொழும்பிலிருந்து வரும் ஒவ்வொரு அரிசி மூட்டையையும் அதே இடத்தில் இறக்கிச் சிறிய ரயிலில் ஏற்ற வேண்டும். களனிவெளிப் பாதைக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அது நேராகக் கொழும்பிலேயே போய் முடிந்தது. உடபுசல்லாவைப் பாதையோ மலை நடுவே தொடங்கி மலை நடுவே முடிந்தது. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கே திரும்ப வருவோம்.

நானுஓயாவிலிருந்து பிளக்பூல் வழியாக ஏறி நுவரெலியாவை அடையும் ரயில், அங்கிருந்து மீண்டும் கந்தப்பளையை நோக்கி ஏறத் தொடங்கும். கந்தப்பளை நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,300 அடிக்கு மேல் இருந்தது. இன்று நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதற்குச் சற்று அப்பால் பெருவழிப் பாதையின் உச்சி இருக்கிறது, 6,226 அடி. அங்கே பெயர்ப்பலகையும் உண்டு, பயணிகள் ஜன்னலால் எட்டிப் படமும் எடுப்பார்கள். கந்தப்பளையில் ரயில் ஓடிய காலத்தில் அந்தப் பெருமை பட்டிப்பொலவுக்கு இல்லை. பெருவழிப் பாதையின் உச்சியையும்விடக் கந்தப்பளை நிலையம் உயரத்தில் இருந்தது. பாதை மூடப்பட்ட பிறகே பட்டிப்பொல முதலிடத்துக்கு வந்தது. கந்தப்பளையில் பிறந்த பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறிய மனக்குறை.

நிலையத்தின் அன்றாட வேலை என்னவாக இருந்திருக்கும் என்பதை அதைச் சுற்றியிருந்த தோட்டங்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பார்க், கோர்ட்லொட்ஜ், எஸ்கடேல் என்று நிலையத்தைச் சுற்றிலும் தேயிலைதான். ஒவ்வொரு தோட்டமும் தன் ஸ்டோரிலிருந்து பெட்டிகளைக் கரத்தையிலோ ஆள் தலையிலோ நிலையத்துக்கு அனுப்பும். நிலையத்திலிருந்து அரிசி, உரம், பெட்டி செய்யும் பலகை, பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள், இயந்திர உதிரிகள், துரைமார் பங்களாவுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் தோட்டத்துக்குப் போகும். தோட்டத்தின் தேவைகள் நிலையத்தின் வழியே வந்ததால், நிலையத்தை ஒட்டிக் கடைத்தெரு வளர்வது மலைநாட்டில் பொதுவான வழக்கம். ஹட்டனும் தலவாக்கலையும் பண்டாரவளையும் இன்று நாம் காணும் நகரங்களானதில் ரயிலுக்குப் பெரும் பங்குண்டு. கந்தப்பளைக் கடைத்தெருவும் இராகலைக் கடைத்தெருவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ரயில் போன பிறகும் கடைகள் நின்றுவிட்டன, அவ்வளவுதான் வேறுபாடு.

கந்தப்பளைத் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது ஹெதர்செட் தோட்டத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, விஷயத்துக்குச் சற்று வெளியே போனாலும். அதைத் தொடக்கிய வெள்ளைக்காரரின் பெயர் வில்லியம் பிளவர்டியூ. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்தால் முதற்பகுதி பூ, இரண்டாம் பகுதி பனித்துளி. இங்கிலாந்திலுள்ள ஊரின் பெயரைத் துரை தோட்டத்துக்கு வைத்தார். அவருடைய சொந்தப் பெயரை எங்கள் ஆட்கள் தமிழாக்கித் தோட்டத்துக்குப் பூப்பனி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலைநாட்டுத் தோட்டப் பெயர்களில் துரைமார் வைத்தது ஒன்று, தொழிலாளர் வைத்தது ஒன்று என்று இரட்டைப் பெயர்கள் ஏராளம். ஆனால் மொழிபெயர்ப்பே பெயரான இடம் நானறிந்தவரை இது போல் அரிது. அந்தத் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாற்றப்பட்டது. அதை ஏன் இங்கே இழுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பயணிகளைப் பொறுத்தவரை, இந்தப் பாதையில் இரண்டு வகையான உலகங்கள் ஒரே வண்டியில் ஏறின. நுவரெலியாவுக்குக் குளிர் தேடியும் ஏப்ரல் மாதக் குதிரைப் பந்தயத்துக்கும் வந்த வெள்ளைக்காரரும் கொழும்புச் சீமான்களும் நானுஓயாவில் பெரிய ரயிலை விட்டு இறங்கிச் சிறிய ரயிலின் முதல் வகுப்பில் ஏறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நுவரெலியாவில் இறங்கிவிடுவார்கள். அதற்கு அப்பால் கந்தப்பளைக்கும் இராகலைக்கும் போன வண்டியில் இருந்தவர்கள் தோட்டத்து ஆட்களும் கடைக்காரரும் உத்தியோகத்தரும்தான். நுவரெலியா வரை ஒரு ரயிலாகவும், நுவரெலியாவுக்குப் பிறகு வேறொரு ரயிலாகவும் இதைப் பார்ப்பது பொருத்தம். பாதையைப் பற்றி அக்காலத்து ஆங்கிலேயர் எழுதிவைத்தவை பெரும்பாலும் முதற்பகுதியின் காட்சி அழகைப் பற்றியே பேசுகின்றன. இரண்டாம் பகுதியைப் பற்றி எழுத அதில் பயணம் செய்தவர்களுக்குப் படிப்பும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை. அதனால்தான் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் அந்த ஒற்றை வாக்கியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பயணத்தை ஓரளவு மீட்டுப் பார்க்க முடியும். 1914க்குப் பிறகு வந்தவர் என்றால் பூட்டி வந்த வழி ஏறத்தாழ நிச்சயம். தமிழ்நாட்டில் தம் ஊரிலிருந்து மண்டபத்துக்கு ரயில். 1917இலிருந்து அங்கே ஆட்களை நிறுத்திவைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்கும் முகாம் இருந்தது. பிறகு தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். தலைமன்னார்ப் பாதை 1914இல் திறக்கப்படும்வரை மலைநாட்டுக்கு வந்தவர்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தார்கள். அதற்கும் முந்திய தலைமுறை மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தே வந்து, வழியெல்லாம் செத்து விழுந்தது. தலைமன்னாரிலிருந்து மதவாச்சி, அநுராதபுரம், மாகோ வழியாகப் பொல்கஹவலை. அங்கே மலைநாட்டு ரயிலுக்கு மாறி, கடுகண்ணாவை ஏற்றம் ஏறி, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா. நானுஓயாவில் சிறிய ரயில், கடைசியாகக் கந்தப்பளை. சமவெளியிலிருந்து வந்த ஒருவர், மெல்லிய சேலையோடு, 6,300 அடி உயரத்துக் குளிரில் இறங்கி நின்ற இடம் அது. அந்தப் பயணத்துக்கான செலவு, ஆட்களைத் திரட்டிக் கொண்டுவரும் பெரிய கங்காணியின் கணக்கில் அவர் பெயரில் கடனாக ஏறியிருக்கவும் கூடும். ஆள் கட்டி வந்த தொழிலாளர்கள் முதல் நாள் வேலைக்கு இறங்கும் முன்பே கடன்காரராக இருந்ததற்கு இந்த வழிச்செலவும் ஒரு காரணம். தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் கடலோடு போயிற்று. கந்தப்பளை நிலையம் அதற்கு முன்பே போய்விட்டது. உங்கள் பூட்டி கப்பல் ஏறிய நிலையத்திலும் சரி, கடைசியாக இறங்கிய நிலையத்திலும் சரி, இன்று ரயில் இல்லை.

வீட்டுப் பேச்சின் காலத்தைச் சரிபார்க்க ஒரு வழியும் உண்டு. 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்து, தோட்ட வேலைக்காக இலங்கைக்குப் புதிதாக ஆட்கள் வருவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. ஆகையால் பூட்டி தொழிலாளியாகப் புதிதாக வந்தவர் என்றால், அதற்கு முன்புதான் வந்திருக்க வேண்டும். அந்த நாளில் கந்தப்பளையில் ரயில் இருந்தது. இரண்டு தகவல்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

இனி, ஏன் மூடினார்கள் என்ற கேள்வி. எங்கள் பக்கத்தில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: வெள்ளைக்காரன் போகும்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்பது. கேட்க நன்றாக இருந்தாலும் இது சரியன்று. 1931இலிருந்து டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அரசாங்கத்தின் பல துறைகள் உள்ளூர் அமைச்சர்களின் கையில் இருந்தன. 1936இலிருந்து 1947 வரை போக்குவரத்து, மராமத்து அமைச்சராக இருந்தவர் ஜோன் கொத்தலாவலை. உடபுசல்லாவைப் பாதை கைவிடப்பட்டது உள்ளூர் அமைச்சர்கள் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். ஆட்சி கைமாறியபோது ஆத்திரத்தில் நடந்த காரியமன்று இது. கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. களனிவெளிப் பாதையின் அவிசாவளை–யட்டியாந்தோட்டைக் கிளையும் 1942இல் இதே விதியைச் சந்தித்தது.

கணக்கு எப்படிப் பிழைத்தது என்பதற்குத்தான் நானுஓயாவில் பெட்டி இறக்கி ஏற்றும் விஷயத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். கரத்தையோடு போட்டியிட்ட காலத்தில் அந்த இரட்டை வேலை ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் கரத்தையிலிருந்தும் ரயிலுக்கு எப்படியும் இறக்கி ஏற்றத்தான் வேண்டும். லொறி வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. லொறி தோட்டத்து ஸ்டோர் வாசலுக்கே வந்து பெட்டியை ஏற்றும். நானுஓயாவுக்குப் போய் நேரே பெரிய ரயிலில் சேர்க்கலாம், அல்லது கொழும்புக் களஞ்சியத்துக்கே போய்விடலாம். ரயிலுக்கோ, ஸ்டோரிலிருந்து கந்தப்பளை நிலையத்தில் ஒரு முறை, நானுஓயாவில் ஒரு முறை, கொழும்பில் ஒரு முறை என்று மூன்று தடவை பெட்டியைத் தூக்க வேண்டியிருந்தது. 19 மைல் பாதையில் மிச்சம்பிடித்த கூலியை இந்தத் தூக்கு கூலி தின்றுவிட்டது. பாதை இன்னும் நூறு மைல் நீண்டிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். குறுகிய தூரத்தில், கூடவே மோட்டார் தெரு ஓடும் நிலத்தில், அகலம் மாறும் ரயிலால் லொறியை வெல்ல முடியாது. உலகின் வேறு மலைநாடுகளிலும் இத்தகைய சிறிய பாதைகள் இதே காரணத்தால் மூடப்பட்டிருக்கின்றன.

அத்தோடு காலமும் பாதகமாக இருந்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழுந்தது. விலையைத் தூக்கி நிறுத்த 1933இல் தேயிலை விளையும் நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. அதனால் ரயில் சுமக்க இருந்த சரக்கே குறைந்தது. பயணிகளை பஸ் கொண்டுபோயிற்று. பிறகு போர் வந்தது. நட்டத்தில் ஓடும் சிறிய பாதையைத் தாங்கிப் பிடிக்க அந்த ஆண்டுகளில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

என் தனிப்பட்ட கருத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஒப்புக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். சரக்கு லொறிக்கு மாறிய பிறகும் அந்த ரயிலில் மூன்றாம் வகுப்பில் போக ஆட்கள் இருந்திருப்பார்கள். தோட்டத்திலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கும், கோயில் திருவிழாவுக்கும், அடுத்த தோட்டத்து உறவினர் வீட்டுக்கும் போகிற ஆட்கள். அவர்களுடைய தேவை எந்தக் கணக்கிலும் பாதையைக் காப்பாற்றும் அளவுக்கு எடை பெறவில்லை. காரணம், தொடக்கத்திலேயே அந்தப் பாதை அவர்களுக்காகப் போடப்பட்டதல்ல. தேயிலைப் பெட்டிக்காக வந்த நிலையம், தேயிலைப் பெட்டி வேறு வழியைப் பார்த்துக்கொண்டதும் மூடப்பட்டது. இதைத் தமிழருக்கு எதிராகத் திட்டமிட்டுச் செய்த காரியம் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். தோட்டத் தமிழரில் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவர்களாக்கிய சட்டம் 1948இல் வந்ததும், பாதை மூடப்பட்டதும் அதே 1940களில் நிகழ்ந்ததால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் யட்டியாந்தோட்டைப் பாதையும் மூடப்பட்டதை வைத்துப் பார்த்தால், ரயில் விஷயத்தில் பகையைவிடக் கணக்குப் புத்தகமே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

இந்தப் பாதையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதியவர்கள் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு: ஏற்றத்தில் கோச்சி அவ்வளவு மெதுவாகப் போகுமாம், ஆட்கள் இறங்கிக் கொய்யாப்பழம் பறித்துக்கொண்டு மறுபடி ஏறிக்கொள்வார்களாம். களனிவெளிப் பாதையைப் பற்றியும் இதே போன்ற கதை உண்டு, ஊட்டி ரயிலைப் பற்றியும் உண்டு. சிறிய ரயில் ஓடிய எல்லா ஊரிலும் இந்தக் கதை இருப்பதால் நான் இதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்வதில்லை. 6,300 அடி உயரத்தில் கொய்யாவை எங்கே தேடுவது என்பது வேறு கேள்வி.

எச்சங்கள் எங்கே என்று நீங்கள் தேட விரும்பினால், முதலில் ஒரு தவறான இடத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மேலே சொன்ன பூப்பனித் தோட்டத்து ஹோட்டலில் குறுகிய பாதை ரயில் பெட்டியொன்று தண்டவாளத் துண்டின்மேல் நிறுத்தப்பட்டு, உணவருந்தும் இடமாக இருக்கிறது. அழகான காரியம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, இதுதான் கந்தப்பளைக்கு ஓடிய பெட்டி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். களனிவெளிப் பாதை 1990களில் அகலப் பாதையாக மாற்றப்படும்வரை இலங்கையில் குறுகிய பாதைப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓய்ந்துபோன பாதையைவிட அந்தப் பாதையிலிருந்து பெட்டி கிடைப்பதே எளிது.

பாதையைத் தேடுவதற்கு நிலமே நல்ல வழிகாட்டி. தேயிலை மலையில் கொழுந்துக்காரர் நடக்கும் ஒற்றையடிப் பாதை நேரே ஏறும், நேரே இறங்கும். தோட்டத்துக் கரத்தைத் தெரு அங்கங்கே கொண்டை ஊசி போல் மடியும். ரயில் ஓடிய தடம் இரண்டையும் போலிராது. அது ஒரே சீரான சிறு ஏற்றத்தோடு, மலையின் மடிப்பை விடாமல் தழுவி, நீண்ட வளைவாகப் போகும். நீரோடை குறுக்கிடும் இடங்களில் கருங்கல்லால் கட்டிய சிறு மதகு இருக்கும். மேட்டை வெட்டிய இடத்தில் இரு பக்கமும் சுவர் போல் மண் நிற்கும். பல இடங்களில் தோட்டத் தெருவும் மரக்கறித் தோட்டமும் வீடும் அதை விழுங்கிவிட்டிருக்கும். இன்று கந்தப்பளையிலிருந்து லீக்ஸும் கோவாவும் கரட்டும் ஏற்றிப் போகும் லொறிகள் அந்தப் பழைய தடத்தைத் தெரியாமலே குறுக்கே கடக்கின்றன.

நில அளவைத் திணைக்களம் அந்தக் காலத்தில் வெளியிட்ட, ஒரு மைலுக்கு ஓர் அங்குல அளவிலான வரைபடத்தில் நுவரெலியாத் தாளைத் தேடிப் பாருங்கள். பழைய பதிப்பாக இருக்க வேண்டும், புதிய பதிப்பில் பாதை இராது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பார்க்கலாம். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கந்தப்பளைக்கும் புரூக்சைட்டுக்கும் இடையில் நடந்தால் மேலே சொன்ன அடையாளங்களில் இரண்டொன்றாவது கண்ணில் படும். வழியில் முதியவர் யாரையாவது கண்டால், புகையிரதப் பாதை எங்கே என்று கேட்காதீர்கள். அவர் உங்களை நானுஓயாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பழைய கோச்சி ரோடு எது என்று கேளுங்கள்.